கொரிந்து இறைச்சிக் கடையும் பக்கத்து வீட்டுப் பொங்கலும்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிடும். சபை வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் கேட்பார்: "ஆபீஸ்ல பொரியும் சுண்டலும் குடுத்தாங்க. வாங்கலாமா, கூடாதா?" பத்து நிமிடத்தில் இரண்டு கட்சி உருவாகும். ஒரு கட்சி முதலாம் கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனம் போடும்: விக்கிரகம் என்பது ஒன்றுமே இல்லை, அப்புறம் என்ன பயம்? இன்னொரு கட்சி 10-ஆம் அதிகாரத்திலிருந்து போடும்: பேய்களுடைய பந்தியில் உட்காரக் கூடாது. இரண்டையும் ஒரே ஆள், ஒரே கடிதத்தில், இரண்டு பக்க இடைவெளியில் எழுதியிருக்கிறார் என்பது யாருக்கும் உறுத்தாது. கடைசியில் யாரோ ஒருவர் ரோஜாப்பூ படத்தோடு குட்மார்னிங் போடுவார். விவாதம் தைப்பொங்கல் வரைக்கும் தூங்கப் போய்விடும்.

இந்தக் கேள்வியைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்று நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருப்பவர்கள். வீட்டில் தனி ஒருவராக விசுவாசத்துக்கு வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு இது அம்மாவோடு ஒரே பந்தியில் உட்காருவதா இல்லையா என்கிற கேள்வி. அதனால் 8 முதல் 11 வரைக்கும் உள்ள நான்கு அதிகாரங்களை, வசனம் வசனமாகப் பிய்க்காமல், அது எழுதப்பட்ட ஊரோடு சேர்த்து வாசித்து எடுத்த குறிப்புகளை இங்கே போட்டு வைக்கிறேன்.

முதலில் ஊர். பவுல் பார்த்த கொரிந்து பழைய கிரேக்க நகரம் இல்லை. அதை ரோமத் தளபதி மும்மியஸ் கி.மு. 146-இல் இடித்துப் போட்டுவிட்டான். நூறு வருஷம் கழித்து, கி.மு. 44-இல், ஜூலியஸ் சீசர் ரோமக் குடியேற்றமாக அதைத் திரும்ப நிறுவினார். குடிவந்தவர்களில் நிறையப் பேர் விடுதலை பெற்ற அடிமைகள். இரண்டு பக்கமும் துறைமுகம், வியாபாரம், காசு. பரம்பரைப் பெருமை இல்லாத ஊரில் காசும் தொடர்பும்தான் அந்தஸ்து. யார் வீட்டு விருந்துக்கு உனக்கு அழைப்பு வருகிறது என்பதை வைத்து நீ யார் என்று முடிவு செய்கிற ஊர். இதை மனசில் வைத்துக்கொண்டுதான் சாப்பாட்டு அதிகாரங்களைப் படிக்கணும். பவுல் அங்கே ஒன்றரை வருஷம் இருந்து சபையை உண்டாக்கினார். பிறகு எபேசுவிலிருந்து, கி.பி. 53-55 வாக்கில், இந்தக் கடிதத்தை எழுதுகிறார்.

அந்த ஊரில் கோயிலும் ஓட்டலும் கலியாண மண்டபமும் கிட்டத்தட்ட ஒரே கட்டிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அஸ்கிலேபியஸ் என்ற வைத்தியத் தெய்வத்தின் கோயில் வளாகத்தில் மூன்று சாப்பாட்டு அறைகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பதினோரு பேர் சாய்ந்து சாப்பிட மஞ்சம். எகிப்தில் குப்பைமேட்டிலிருந்து கிடைத்த பாப்பிரஸ் துண்டுகளில் இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டு அழைப்பிதழ்கள் சில இருக்கின்றன. இன்ன நாள், இன்ன மணிக்கு, செராபிஸ் சுவாமியின் பந்தியில் விருந்துக்கு வாருங்கள் என்பது மாதிரி. நம்ம ஊர் காதுகுத்துப் பத்திரிகையில் குலதெய்வக் கோயில் பெயர் போட்டிருக்குமே, அதே பாணி. கூப்பிடுகிறவர் மனுஷர், ஆனால் பந்தி சாமியுடையது. பவுல் 'கர்த்தருடைய பந்தி', 'பேய்களுடைய பந்தி' என்று எதிரெதிராக வைக்கும்போது அவர் சொல்லணி எதையும் தேடிப் போகவில்லை. அந்த ஊரில் எல்லாரும் பேசிய பாஷையை எடுத்துத் திருப்பிப் போடுகிறார்.

அடுத்தது கறி. பலி கொடுத்த மிருகத்தில் ஒரு பங்கு தெய்வத்துக்கு எரிக்கப்படும், ஒரு பங்கு பூசாரிக்கு, ஒரு பங்கு கொடுத்தவர் குடும்பத்துக்கு. மிச்சம் சந்தைக்கு வரும். பவுல் 10-ஆம் அதிகாரத்தில் பயன்படுத்துகிற சொல் 'மாக்கெல்லோன்', லத்தீனிலிருந்து கிரேக்கத்துக்கு வந்த கடன் சொல். கறியும் மீனும் விற்கிற நகரச் சந்தை. நம்ம பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வெறும் 'கடை' என்று வருவதால் மளிகைக் கடை மாதிரி மனசில் படம் விழுகிறது. உண்மையில் அது ஆட்டுக்கறிக் கடை. எந்தத் துண்டு கோயிலிலிருந்து வந்தது, எது வரவில்லை என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. யூதர்களுக்கு இது பெரிய பிரச்சினை. அவர்கள் தங்களுக்கென்று தனி ஏற்பாடு வைத்துக்கொண்டார்கள். புதுசாக விசுவாசத்துக்கு வந்த கிரேக்கர் என்ன செய்வார்?

இன்னொன்றும் உண்டு. கெர்டு தைசன் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டியவர். ஏழைகள் அன்றாடம் கறி சாப்பிடவில்லை. அவர்கள் கறியைப் பார்த்ததே ஊர்த் திருவிழாக்களில், கோயில் பங்கீட்டில்தான். ஆகவே ஏழைக்குக் கறி வாசனை என்றாலே சாமி ஞாபகம். பணக்காரருக்குக் கறி என்பது வெறும் சாப்பாடு. 'எனக்கு அறிவு இருக்கு, விக்கிரகம் ஒன்றுமில்லை' என்று சபையில் பேசியவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். விருந்துக்கு அழைப்பு வருகிறவர்கள். அழைப்பை மறுத்தால் வியாபாரம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள். 'பலவீனர்' என்று அவர்கள் யாரைச் சொன்னார்கள்? நேற்று வரைக்கும் அந்தச் சாமியைப் பயபக்தியோடு கும்பிட்டு, இன்றைக்கு அந்த வாசனை வந்தாலே உள்ளே நடுங்குகிறவர்களை. பவுல் வேதசாஸ்திரத்தில் முதல் கட்சியோடு ஒத்துப்போகிறார். ஆனால் பாரத்தையும் அவர்கள் தலையிலேயே வைக்கிறார். உன் அறிவால் ஒரு சகோதரன் கெட்டுப்போவான் என்றால் நான் ஆயுசுக்கும் கறியைத் தொட மாட்டேன் என்கிறார். எட்டாம் அதிகாரத்தைத் தூக்கிப்பிடிக்கிற கட்சி அதன் கடைசி வசனம் வரைக்கும் போவதில்லை.

இப்போது 8-க்கும் 10-க்கும் முரணா என்ற கேள்விக்கு வரலாம். பவுல் ஒரே விஷயத்தைப் பேசவில்லை, மூன்று இடங்களைப் பேசுகிறார். ஒன்று, கோயில் பந்தி. அங்கே போய் உட்காராதே. ஒரு பந்தியில் உட்காருவது என்பது அந்தப் பந்திக்கு உரியவரோடு ஐக்கியப்படுவது, இதில் சமாதானம் கிடையாது. கார்டன் ஃபீ என்பவர் தன்னுடைய 1987 உரைநூலில், 8-ஆம் அதிகாரத்தின் விவாதமே கோயில் பந்தியைப் பற்றியதுதான் என்று வாதாடினார். நான் படித்தவரையில் அது பெரும்பாலும் பொருந்துகிறது. இரண்டு, கறிக்கடை. வாங்கு, சாப்பிடு, எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காதே. பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையது என்ற 24-ஆம் சங்கீதக் கருத்தை இங்கே காரணமாகக் கொண்டுவருகிறார். ஒரு யூதப் பரிசேயராக வளர்ந்தவர், விசாரிக்காதே என்று சொல்வது எவ்வளவு பெரிய நகர்வு! மூன்று, விசுவாசியல்லாத நண்பரின் வீடு. கூப்பிட்டால் போ. வைத்ததைச் சாப்பிடு. கேள்வி கேட்காதே. ஆனால் யாராவது 'இது படைத்தது' என்று சொன்னால் சாப்பிடாதே, சொன்னவருக்காக.

இந்த மூன்றாவது இடத்தில்தான் நம்ம ஊர் வாசகர்கள் கொஞ்சம் நின்று பார்க்கணும். அது நம்ம வாசலில் தினசரி நடப்பது.

'இது படைத்தது' என்று சொல்கிற அந்த ஆள் யார்? பலபேர் அவரைச் சபையிலுள்ள பலவீனமான சகோதரர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பழமையான கைப்பிரதிகளைப் பார்த்தால் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. பவுல் தானாகப் பேசும்போது 'எய்டோலோதுதோன்' என்கிறார், விக்கிரகத்துக்குப் படைத்தது. இது யூதரும் கிறிஸ்தவரும் பயன்படுத்திய, கொஞ்சம் இழிவு தொனிக்கிற சொல். விருந்து வீட்டில் அந்த ஆள் சொல்வதோ 'ஹியரோதுதோன்', தெய்வத்துக்கு அர்ப்பணித்தது. கும்பிடுகிறவர்கள் தாங்களே மரியாதையாகச் சொல்கிற சொல். பிற்காலப் பிரதிகளில் இது முதல் சொல்லாகவே மாறிவிட்டது. நம்ம பழைய தமிழ் வேதாகமம் அந்தப் பிரதிகளின் வழியில் வந்ததால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது. தமிழில் இந்த வித்தியாசத்தைச் சொல்வது ரொம்ப சுலபம். ஒருவர் 'விக்கிரகப் படையல்' என்கிறார், இன்னொருவர் 'பிரசாதம்' என்கிறார். பிரசாதம் என்று சொல்கிறவர் யார்? கும்பிடுகிறவர்தான். பெரும்பாலும் அந்த வீட்டுக்காரரே, அல்லது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு விருந்தாளி.

அவர் ஏன் சொல்கிறார்? சண்டைக்காக இருக்கலாம். ஆனால் நம்ம தெருவில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உடனே தோன்றும்: கரிசனம். எத்தனை இந்து வீடுகளில் அக்கா ஒருத்தி டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து, "தம்பி, இது சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சதுப்பா, தாராளமா சாப்பிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்! அந்த அக்கா எந்த உரைநூலும் படிக்கவில்லை. ஆனால் கொரிந்து கடிதத்தின் அந்த வசனத்தில் வருகிற ஆளை அவரை விட நன்றாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. 'இது படைத்தது, உங்களுக்கு ஒத்துக்காதே' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற நாகரிகம் அது. அவர் அப்படிச் சொன்ன பிறகும் நீ எடுத்துச் சாப்பிட்டால், அவர் மனசில் என்ன விழும்? இவர் நம்பிக்கையெல்லாம் சும்மா என்று விழலாம். அல்லது இவரும் நம்ம சாமியை ஏற்றுக்கொண்டார் என்று விழலாம். மனச்சாட்சி என்று நான் சொன்னது உன்னுடையதை இல்லை, மற்றவனுடையதை என்று பவுல் அடுத்த வரியிலேயே தெளிவுபடுத்துவது இதனால்தான். உணவு அங்கே உணவாக இருந்தது. வாயைத் திறந்து ஒருவர் சொன்னதும் அது ஒரு அறிக்கையாகிவிட்டது.

அதனால் சுண்டலுக்கு ஒரு பொதுச் சட்டம் கேட்பது வீண். அதே சொல்லை நம்மிடம் மூன்று விதமானவர்கள் சொல்கிறார்கள். அந்த அக்கா சொன்னால் அது அன்பு, நன்றி சொல்லி வாங்கிக்கொள். எடுத்து வைக்காதது என்றால் "அக்கா, இதை மட்டும் நான் எடுத்துக்கிறதில்ல, கோச்சுக்காதீங்க, சாயங்காலம் காபிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் போகணும். (போகாமல் இருப்பவர்கள்தான் அதிகம். மறுப்பது மட்டும் விசுவாசம் என்று நினைப்பு.) சோதித்துப் பார்க்கிற அலுவலக நண்பர், 'என்னய்யா, தின்னா உங்க சாமி கோச்சுக்குமா?' என்று எல்லார் முன்னாலும் நீட்டினால், அது வேறு கதை. நேற்று விசுவாசத்துக்கு வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது மூன்றாவது கதை.

நைவேத்தியமும் கொரிந்துப் பலியும் ஒன்றா என்றும் கேட்கலாம். முழுக்க ஒன்றில்லை. கோயிலில் பிரசாதம் தருவது தெய்வத்தின் அருளைத் தருவதாகத்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவது ஒரு வணக்கச் செயல். தீபாவளிக்குக் கடையில் வாங்கி வீடு வீடாகக் கொடுக்கிற மைசூர்பாகு அப்படி இல்லை. வாசலில் பொங்கி இறக்கிய பொங்கல் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது, அதுவும் வீட்டுக்கு வீடு வேறுபடும்.

இதில் மிகக் கஷ்டமானது படையலில் செத்தவர்களுக்கு வைப்பது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, வீட்டில் அவன் மட்டும்தான் விசுவாசி. அப்பா இறந்து முதல் வருஷ திதி. அம்மா அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் வைப்பார். அவன் போகும் ஜெபக்குழுவில் மூத்தவர் ஒருவர் அந்த வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். போனில் அம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "உங்கப்பா சோத்த நீ தொட மாட்டியா?" அவன் என்னிடம் கேட்டான், "அண்ணே, இதுக்கு எந்த வசனம்?"

ஒரே ஒரு வசனம் இல்லை, நான்கு அதிகாரம்தான் இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்து படித்தோம். படித்துவிட்டு அவன் ஒரு நாள் முன்னாடியே ஊருக்குப் போனான். காய்கறி வாங்கி, தேங்காய் துருவி, அண்டா கழுவி எல்லா வேலையும் செய்தான். கற்பூரம் காட்ட மாட்டேன், விழுந்து கும்பிட மாட்டேன் என்று முதல் நாள் ராத்திரியே அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிட்டான், கூட்டத்துக்கு நடுவே சொல்லி அவமானப்படுத்தவில்லை. சித்தப்பா மகன் சடங்கைச் செய்தான். அம்மா என்ன செய்தார் தெரியுமா? படைப்பதற்கு முன்னால் ஒரு தூக்குவாளியில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து மூடி வைத்துவிட்டார். எல்லாரும் சாப்பிடும்போது அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டான். ஜெபக்குழு மூத்தவருக்குத் திருப்தி இல்லை. பெரியப்பா சில மாதம் அவனோடு பேசவில்லை. எல்லாம் சுபம் என்று முடிகிற கதை இல்லை இது. ஆனால் அம்மாவோடு பந்தி உடையவில்லை.

பழைய ஏற்பாட்டிலும் இதே மாதிரி நுணுக்கமான கோடுகள் உண்டு. தானியேல் பாபிலோன் பெயரை ஏற்றுக்கொள்கிறார், கல்தேயர் கல்வியை ஏற்றுக்கொள்கிறார், அரண்மனை வேலையை ஏற்றுக்கொள்கிறார். ராஜாவின் சாப்பாட்டில் மட்டும் கோடு போடுகிறார். ஏன் அங்கே மட்டும் என்று புத்தகம் விளக்கமாகச் சொல்வதில்லை. நாகமான் தன் எஜமானோடு ரிம்மோன் கோயிலில் குனிய வேண்டி வருமே என்று எலிசாவிடம் கேட்கிறான். எலிசா சமாதானத்தோடு போ என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார். புது விசுவாசிகளிடம் கறாராக இருக்கிற நம்ம ஆட்கள் இந்தப் பகுதியில் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

யூத மரபில் ஒரு அழகான சம்பவம் இருக்கிறது, மிஷ்னாவில். ரபி கமாலியேல் (பவுலின் ஆசிரியர் இல்லை, பின்னால் வந்த அதே பெயர்க்காரர் என்று பொதுவாகக் கருதுகிறார்கள்) ஆக்கோ பட்டணத்தில் அஃப்ரோதித்தே சிலை நிற்கிற குளியல் மண்டபத்தில் குளிக்கிறார். புரோக்லோஸ் என்கிற கிரேக்கர், உங்கள் வேதப்படி இது சரியா என்று மடக்குகிறார். கமாலியேல் வெளியே வந்த பிறகு பதில் சொல்கிறார். சாரம் இதுதான்: நான் அவள் இடத்துக்குள் போகவில்லை, அவள்தான் என் இடத்துக்குள் வந்திருக்கிறாள். அழகுக்காக வைத்த சிலையை யாரும் அங்கே தெய்வமாக நடத்துவதில்லை. அதே சிலை கோயிலில் இருந்தால் வேறு. பொருள் ஒன்றே, அதை மக்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதே தீர்ப்பு. பவுலும் கிட்டத்தட்ட இப்படித்தான் யோசிக்கிறார், ஆனால் பக்கத்தில் உள்ளவரின் மனச்சாட்சியையும் சேர்த்துக்கொள்கிறார்.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டைக்கு நானூறு வருஷ வரலாறு உண்டு. ராபர்ட் தெ நோபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, மரக்கறி சாப்பிட்டு, பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக அடையாளம், மதம் அல்ல என்று வாதாடினார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரெகோரி அதற்கு அனுமதி கொடுத்தார். பிறகு 1704-இல் தூர்னோன் என்ற பாப்பரசரின் தூதர் புதுச்சேரியில் பல வழக்கங்களைத் தடை செய்தார். அந்தப் பட்டியலில் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும் உண்டு. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் தடையை உறுதி செய்தார். சிலுவை போட்ட தாலி பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு சர்ச்சில் தாலி கட்டும்போது யாரும் இதையெல்லாம் நினைப்பதில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்தினால் எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும். பண்பாட்டை மதிக்கணும், மனச்சாட்சியைக் காக்கணும், ஆமென். ஆனால் 'பண்பாடு' என்ற பைக்குள் என்னவெல்லாம் போட்டுக் கட்டுகிறோம் என்று பார்க்கணும்.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வார்ட்ஸ் ஐயரின் மாணவர், சரபோஜி மன்னரின் இளமைத் தோழர், இன்றும் நாம் பாடுகிற கீர்த்தனைகளை எழுதியவர். 1820-களில் வந்த புது மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். தமிழ் வேதாகமத்தின் பழகிய மொழியை மாற்றுகிறார்கள், பண்டிகை நாளில் கோயிலுக்குப் பூ வைப்பதைத் தடுக்கிறார்கள், ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனைகளுக்கு இடமில்லை என்கிறார்கள். படிக்கும்போது நூறு சதவீதம் அவர் பக்கம் சாய்கிறோம். ஆனால் அதே மூச்சில் இன்னொரு குற்றச்சாட்டும் வருகிறது: சாதி பார்க்காமல் எல்லாரையும் ஒன்றாக உட்காரச் சொல்கிறார்கள். அவருக்குப் பூவும் பாட்டும் தனித்தனி இருக்கையும் ஒரே வரிசை, எல்லாம் தேச வழக்கம். 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை விட்டே ஆகணும் என்று கடிதம் அனுப்பியபோது, விட மாட்டோம் என்று வெளியேறியவர்கள் இருந்தார்கள். கத்தோலிக்கர் பக்கமும் வேறு மாதிரி இல்லை. தெ நோபிலியின் வழி வந்த மிஷனில் உயர்சாதியாருக்கு ஒரு வகைத் துறவி, மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமி என்று குருக்களே பிரிந்திருந்தார்கள்.

இங்கே கடிதத்தின் 11-ஆம் அதிகாரம் வருகிறது. பொதுவாகப் பரிசுத்த நற்கருணை நாளில் மட்டும், பத்தை விட்டுவிட்டு, தனியாக வாசிக்கிறோம். சேர்த்து வாசித்தால்தான் உறைக்கும். ரோம வீட்டின் விருந்து அறையில் ஏறக்குறைய ஒன்பது பேர் சாய்ந்து உட்காரலாம். மற்றவர்கள் முற்றத்தில். வசதியுள்ளவர்கள் சீக்கிரம் வந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டுக் குடித்து முடிக்கிறார்கள். வேலை முடிந்து வருகிற அடிமைக்கும் கூலிக்காரருக்கும் ஒன்றும் இல்லை. ரோமப் பண்பாட்டில் இது சாதாரணம். விருந்தாளிகளின் தகுதிக்கேற்ப வேறு வேறு சாப்பாடு போடுவது அவர்கள் வழக்கம். பவுல் அதைப் பண்பாடு என்று விட்டுவிடவில்லை. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள், நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார். சந்தைக் கறியில் விசாரிக்காதே என்று சொன்ன அதே மனுஷர், சபைப் பந்தியில் யார் எங்கே உட்காருகிறார் என்று விசாரிக்கிறார். கலாத்தியரில் அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு எழுந்தபோதும் இப்படித்தான். எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராக எதிர்த்தார்.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலைப் பார்த்தால் இது கல்லாகவே புரியும். பீடத்தில் வந்து சேருகிற இரண்டு தனித்தனி நடைபாதைகள், கால்சட்டை மாதிரி, நடுவே சுவர். வேளாளருக்கு ஒரு கால், நாடார் முதலானவர்களுக்கு ஒரு கால். 1910 வாக்கில் சுவர் இடிக்கப்பட்டபோது வழக்குப் போட்டார்கள். 1917-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுப்பைத் திரும்பக் கேட்டவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தச் சுவர் போய்விட்டது. கல்லறைத் தோட்டங்களில் சாதிவாரிப் பிரிவு இன்றும் எத்தனை ஊரில் இருக்கிறது என்று உங்கள் ஊரில் ஒரு சுற்று நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். சுண்டலுக்கு வாட்ஸ்அப்பில் எழுபது பதில் போடுகிற குழுவில், கல்யாண வரன் விளம்பரத்தில் சபைப் பெயருக்கு முன்னால் சாதிப் பெயர் வருவதற்கு ஒரு பதிலும் வராது. என் வாசிப்பில், பவுல் வைத்த எடைகளை நாம் தலைகீழாக மாற்றிவிட்டோம்.

இதற்காகப் படையல் விஷயத்தை இலேசாக்கிவிடவும் முடியாது. புதிய ஏற்பாட்டிலேயே பவுலை விடக் கண்டிப்பான குரல்கள் உண்டு. அப்போஸ்தலர் 15-இல் எருசலேம் சங்கம் விக்கிரகத்துக்குப் படைத்ததை விலக்கச் சொல்கிறது. வெளிப்படுத்தல் 2-இல் பெர்கமுவுக்கும் தியத்தீராவுக்கும் வருகிற கடிதங்களில் அதைச் சாப்பிடப் போதிப்பவர்கள் மேல் கடுங்கோபம். தியத்தீரா ஒரு தொழில் பட்டணம். சாயக்காரர், தோல் பதனிடுபவர், குயவர், கன்னார் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் இருந்ததை அங்கே கிடைத்த கல்வெட்டுகள் காட்டுகின்றன. இரத்தாம்பரம் விற்ற லீதியாளின் ஊர் அதுதான். அந்தக் காலச் சங்கத்துக்கு ஒரு காவல் தெய்வம், வருஷ விருந்து, அந்த விருந்தில் பலிக் கறி. விருந்துக்கு வராதவன் தொழிலில் ஓரம் கட்டப்படுவான். சாப்பிட்டால் என்ன, தொழில் வேண்டாமா என்று அங்கே ஒரு போதகி சொல்லியிருக்கக்கூடும் என்று பல உரையாசிரியர்கள் எழுதுகிறார்கள். கி.பி. 112 வாக்கில் பித்தினியா ஆளுநர் பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதுகிறார்: கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டிக்க ஆரம்பித்த பிறகு பலிக் கறி திரும்பவும் விற்பனையாகிறது. அதாவது அதற்கு முன்னால் வாங்க ஆளில்லாமல் இருந்திருக்கிறது. அத்தனை பேர் நிஜமாகவே மறுத்திருக்கிறார்கள்.

லேத் பட்டறையில் வேலை பார்க்கும் கிறிஸ்தவர் ஒருவருக்கு இந்தத் தியத்தீரா கடிதம் எனக்குப் புரிவதை விட நன்றாகப் புரியும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மெஷினை எல்லாரோடும் சேர்ந்து கழுவித் துடைக்கிறார், கிரீஸ் போடுகிறார், மாவிலைத் தோரணம் கட்ட ஏணி பிடிக்கிறார். சந்தனம் குங்குமம் வைக்கும் நேரத்தில் வெளியே போய் நிற்கிறார். முதலாளி இருபது வருஷமாக அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். போனஸ் கவரோடு பொரிப் பொட்டலத்தையும் அவர் கையில் கொடுக்கும்போது, "பூஜையில வைக்காததுதான், பிள்ளைங்களுக்குக் கொண்டு போ" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்.